நூற்றறுபதாம் இடைவெளி

ஐ.எஸ்.ஓ. 8859-1 என்ற எழுத்துப் பட்டியலில் இருநூற்று ஐம்பத்தாறு எழுத்துகள் இருப்பதாகப் படித்தவர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது தவறு. தவறான நம்பிக்கைகளில் சில மனிதனை ஆற்றில் தள்ளும், சில தேர்தலில் நிற்க வைக்கும். இது அவ்வளவு தூரம் போவதில்லை என்றாலும் திருத்தாமல் விடுவது நேர்மையாகாது. பட்டியலில் உள்ள இடங்கள்தான் இருநூற்று ஐம்பத்தாறு. அவற்றில் அறுபத்தைந்தில் எழுத்து எதுவும் குடியில்லை. மணியடி, வரியைத் திருப்பு, இத்துடன் நிறுத்து என்பது போன்ற கட்டளைகளுக்கென்று ஒதுக்கி, அரசாங்க விருந்தினர் மாளிகை அறைகளைப் போலப் பூட்டி வைத்திருக்கிறார்கள். மீதி நூற்றுத் தொண்ணூற்றொன்று. கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும் என்பதால், ஐரோப்பாவின் மேற்குப் பக்கத்து மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம், தலையில் கீற்று வைத்தவை, இரட்டைப் புள்ளி வைத்தவை, காலில் வால் முளைத்தவை எல்லாவற்றுக்கும், ஆளுக்கொரு எண் கொடுத்து 1987-ஆம் ஆண்டு ஒரு குழு அவற்றை உட்கார வைத்தது.

இந்த நூற்றுத் தொண்ணூற்றொன்றிலும் நூற்றறுபதாம் எண்ணில் உட்கார்ந்திருப்பது எழுத்தே அல்ல, வெற்றிடம். முப்பத்திரண்டாம் எண்ணில் ஏற்கெனவே ஒரு வெற்றிடம் உண்டு. அது சாதாரண இடைவெளி, இரண்டு சொற்களுக்கு நடுவே நிற்கும், வரி முடிந்துவிட்டால் ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் விட்டுவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்ளும். நூற்றறுபதுக்கு அந்தக் குணம் கிடையாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, ஆனால் நூற்றறுபதுக்கு இருபுறமும் நிற்கும் சொற்களை எந்த வரிமுடிவாலும் பிரிக்க முடியாது. இருந்தால் இரண்டும் இருக்கும், போனால் இரண்டும் சேர்ந்து அடுத்த வரிக்குப் போகும், அதற்காக இரண்டும் நெருங்கிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது, நடுவில் அந்த வெற்றிடம் அப்படியே நிற்கும். எர்னெஸ்தினுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஆகஸ்டு மாதச் செவ்வாய்க்கிழமை, புதுச்சேரி தம்பூர் வீதியில் ஒக்தாவின் தட்டச்சுக் கடையில், அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாள்.

எர்னெஸ்தினுக்கு அறுபத்து மூன்று வயது. அவள் கணவன் கஸ்பார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. இறந்து பதினொரு வருஷம் ஆகிறது. ஒரே மகள் சொலான்ஜ் பிரான்சில் நாந்த் என்ற ஊரில் இருந்தாள். அவளுக்கு நாற்பத்தொரு வயது, மூன்று முறை வயிற்றில் உண்டாகி மூன்று முறையும் தங்காமல் போய், இப்போது நான்காவது முறையாக ஐந்தாம் மாதம் தாண்டியிருந்தது. "அம்மா, இந்தத் தடவை நீ பக்கத்துல இல்லன்னா எனக்கு பயமா இருக்கு" என்று அவள் போனில் சொன்ன அன்றே எர்னெஸ்தின் பெட்டியை எடுத்து வெயிலில் வைத்துவிட்டாள். விசாவுக்கு ஏகப்பட்ட தாள்கள் கேட்டார்கள். அவற்றில் ஒன்று, அவள் வீட்டில் வசிப்பவர்கள் யார் யார் என்று எழுதி, வசிப்பவர்கள் அனைவரும் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழி.

வசிப்பவர்கள் இரண்டு பேர். இன்னொருத்தி கஸ்பாரின் தங்கை மதலேன், அறுபது வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவள். அண்ணியும் நாத்தனாரும் ஒருவரோடொருவர் பேசிப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. காரணம் கருவாடு. சிறுநீரகம் கெட்டுப்போன கஸ்பாருக்கு உப்பே ஆகாது என்று டாக்டர் சொல்லி, மூன்று மாதம் எர்னெஸ்தின் கல் மனசோடு உப்பில்லாமல் பொங்கிப் போட்டு அவரை ஒரு வழியாக நிமிர்த்திக் கொண்டுவந்திருந்த சமயத்தில், அவள் கோயிலுக்குப் போயிருந்த ஒரு மணி நேரத்தில், மதலேன் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து அண்ணனுக்கு ஊட்டிவிட்டாள். மறுநாள் மத்தியானம் அவர் போய்விட்டார். மூன்று மாதத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு நாள்தான் என்பதை இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அது யாருக்குச் சாதகமான சாட்சி என்பதில்தான் சண்டை.

அடக்கம் முடிந்த வாரமே நடுக்கூடத்தில் இருந்து அடுப்பங்கரை வரை சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டாகிவிட்டது. அன்று முதல் பேச்செல்லாம் சாடைதான். எர்னெஸ்தின் சொல்ல நினைப்பதை அந்தோணியார் சுரூபத்திடம் சொல்வாள். மதலேன் தன் பதிலைப் பிரிட்ஜிடம் சொல்வாள். "அந்தோணியாரே, குழாயை ஒழுங்கா மூடாதவங்களுக்கு மோட்சம் உண்டா?" என்று ஒரு பக்கம் கேட்டால், "பிரிட்ஜு, மோட்டார் போட்டுட்டு மறந்தவங்களுக்கு முதல்ல நரகம் எந்தப் பக்கம்னு காட்டச் சொல்லு" என்று மறுபக்கத்தில் இருந்து வரும். இப்படியே பால்காரன், கரண்ட் பில், அமாவாசை மழை என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டிய எல்லாச் செய்தியும் தங்குதடையில்லாமல் போய்வந்துகொண்டிருந்தது.

ஒக்தாவ் பிரெஞ்சுத் தாள்கள் தட்டுவதில் ஊரில் கடைசியாக மிஞ்சியிருந்த கறார்ப் பேர்வழி. கேள்விக்கும் கேள்விக்குறிக்கும் நடுவே நூற்றறுபது வைக்க வேண்டும், மேற்கோள் குறிக்கு உள்ளே நூற்றறுபது வைக்க வேண்டும் என்பது பிரெஞ்சு அச்சு மரபு. அதற்காக அவர் இடது கட்டைவிரலால் ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் பூஜ்யம், ஒன்று, ஆறு, பூஜ்யம் என்று தட்டுவதை, மாதா கோயிலில் சிலுவை போடுகிறவனின் பக்தியோடு செய்வார். உலகம் முழுக்க யூனிகோடுக்கு மாறிய பிறகும் அவர் கணினி மட்டும் பழைய பட்டியலிலேயே இருந்தது. "அது சத்திரம் மதாம். லட்சக்கணக்குல எழுத்து தங்குது, யாருக்கும் யாரையும் தெரியாது. இங்க நூத்தித் தொண்ணூத்தொரு பேரு, எல்லாரையும் எனக்கு முகம் தெரியும்" என்பார்.

எர்னெஸ்தினின் உறுதிமொழியை அவர் தட்டி முடித்தபோது ஒரு குறை தெரிந்தது. தாளின் கடைசி வரியில் எர்னெஸ்தின் என்ற பெயர் முடிந்துவிட, மதலேன் என்ற பெயர் மட்டும் ஒண்டியாக இரண்டாம் தாளின் தலையில் போய் நின்றது. ஒரு பெயரை இப்படித் தனியாகத் தவிக்கவிடுவது ஒக்தாவின் கணக்கில் பாவம். எழுத்தைச் சிறிதாக்கிப் பார்க்கலாம், ஓரத்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்றெல்லாம் வேறொருவர் யோசித்திருப்பார். அவர் கட்டைவிரலை அழுத்தி, இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு நூற்றறுபதை வைத்தார். பெயர்கள் இரண்டும் சேர்ந்து இரண்டாம் தாளுக்குப் போயின. அழகாக இருந்தது. அண்ணி மேசையின் ஒரு முனையிலும் நாத்தனார் மறுமுனையிலும் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

போட்டுவிட்டு எர்னெஸ்தின் வாசல் பக்கம் திரும்பினாள். மதலேனும் கூடவே வந்தாள். எர்னெஸ்தின் நின்றாள், மதலேனும் நின்றாள். எர்னெஸ்தின் இடப்பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள், மதலேன் இடப்பக்கம் ஒரு அடி நகர்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு முழமும் நாலு விரலும் அகலத்துக்கு ஒன்றுமில்லாமல் இருந்தது, அந்த ஒன்றுமில்லாதது குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

"முசியே ஒக்தாவ், இது இன்னா கூத்து?" என்றாள் எர்னெஸ்தின்.

ஒக்தாவ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருவரையும் அளவெடுப்பது போலப் பார்த்தார். "நூத்தியறுபது மதாம். பேருக்கு நடுவுல போட்டேன். புடிச்சிக்கிச்சு" என்றார்.

"நல்லா புடிச்சிக்கிச்சு" என்று மதலேன் அங்கிருந்த பிரிண்டரிடம் சொன்னாள்.

அன்று சாயங்காலத்துக்குள் தம்பூர் வீதி முழுக்கச் செய்தி தெரிந்துவிட்டது, இரண்டு நாளில் பழகியும் விட்டது. சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாகக் கோட்டை ஒட்டியே குடித்தனம் நடந்தது. வீட்டின் மற்ற மூலைகளை ஒட்டடை எடுத்துக்கொண்டது. இரண்டு கதவு உள்ள வாசல்களில் இரண்டையும் திறந்துவிட்டார்கள். கோயிலில் பங்குத்தந்தை மூன்றாம் வரிசை பெஞ்சில் மூன்று பேருக்கான இடம் ஒதுக்கி, நன்மை என்னும் நற்கருணை வாங்க வரும்போது நடுவில் இருப்பதற்கும் சேர்த்து ஆசீர்வதிக்கலாமா என்று தன் மேலிடமான மேற்றிராணியாருக்கு எழுதிக் கேட்டார், பதில் வரவில்லை. யாராலும் அவர்களுக்கு நடுவே நடந்துபோக முடியாது என்பது தெரிந்தது. நாய்கள் சுற்றிக்கொண்டு போயின. பந்து விளையாடும் பிள்ளைகள் எறிந்த பந்து அந்த இடம் வரை வந்துவிட்டு, எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல் திரும்பிப் போயிற்று. தண்ணீர் லாரி வரிசையில் இரண்டு குடம் ஆனால் ஓர் இடம் என்று பெண்கள் தீர்ப்புச் சொன்னார்கள். தெருவே அவர்களை 'நூத்தியறுபது' என்று ஒருமையில் கூப்பிட ஆரம்பித்தது. "நூத்தியறுபது மார்க்கெட்டுக்குப் போவுது, வழிய வுடு" என்பார்கள்.

லிண்டா என்ற பெண்ணின் கல்யாணத்தில் அவர்களுக்காக மூன்று இலை போட்டார்கள். பரிமாற வந்தவன் நடு இலைக்கு எதிரே வாளியோடு நின்று, "நடுவுல இருக்கவங்க வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்று கேட்டான்.

"அந்தோணியாரே" என்றாள் எர்னெஸ்தின், சுரூபம் பக்கத்தில் இல்லாததால் மின்விசிறியைப் பார்த்து, "உப்பு மட்டும் வைக்க வேணாம்னு சொல்லும். உப்பு வச்சா இந்தக் குடும்பத்துல ஆளு போயிடும்."

"ஃபேனு" என்றாள் மதலேன், "மூணு மாசம் உப்பில்லாமத் தின்ன மனுஷன், எனக்கு இன்னும் நாக்கு இருக்கான்னு பாக்கணும் மதலேனுன்னு கேட்டாரு. பாத்துக்கினாரு. அவ்ளோதான்."

பரிமாறுகிறவன் நடு இலையில் ஒரு வாழைப்பழத்தை வைத்துவிட்டு நகர்ந்தான். பின்னால் ஊர் விருந்துகளில் அதுவே வழக்கமாயிற்று.

ஒக்தாவின் கடையில் கூட்டம் சேர்ந்தது. காதலிக்கிறவர்கள் ஜோடியாக வந்தார்கள். அவர்களிடம் இரண்டு வீட்டுப் பெற்றோரின் கையெழுத்துக் கேட்டுத் திருப்பி அனுப்பினார். கல்யாணம் ஆகப்போகும் தன் மகனுக்கும் தனக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்று ஒரு தாய் வந்து அழுதாள். அச்சு மரபில் அதற்கு இடமில்லை என்று அவர் சொல்ல, மரபை எழுதியவன் பெற்ற தாய் இல்லாதவனா என்று அவள் கேட்டுவிட்டுப் போனாள். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் அந்த வெற்றிடம் யாருக்குச் சொந்தம் என்று ஒரு வக்கீலோடு டீக்கடையில் ஒரு மாதம் வாதாடி, பாதிப் பாதி என்று முடிவாகும் நேரத்தில், இல்லாததைப் பாதியாக்கினால் எவ்வளவு என்ற கேள்வியில் மறுபடி பிரிந்தார்.

விசாவுக்குக் கைரேகை கொடுக்கச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. பேருந்தில் மூன்று பேர் உட்காரும் இருக்கையின் இரு ஓரத்திலும் இருவர் உட்கார்ந்தார்கள்.

"நடுவுல யாரும்மா?" என்றார் கண்டக்டர்.

"யாருமில்ல" என்றாள் எர்னெஸ்தின்.

"யாருமில்லன்னா தள்ளி உக்காருங்க. ஆளு நிக்குது பாருங்க."

"தள்ள முடியாதுப்பா."

நின்றுகொண்டிருந்த ஒருவர், பெரியவங்களுக்கு மரியாதை கொடுக்க வேண்டியதுதான், அதுக்காக ஒரு சீட்டையா என்று முணுமுணுத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். உட்கார்ந்து முடித்தபோது பின் இருக்கையில் ஒரு கோழிக்கூடைக்காரியின் மடியில் இருந்தார். கண்டக்டர் சற்று நேரம் யோசித்து, ஆள் இல்லாத இடத்துக்கு ஆள் டிக்கெட் போடச் சட்டமில்லை என்று சொல்லி, ஒரு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அந்தப் பயணத்தில்தான் எர்னெஸ்தினுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. பேருந்து நிலையத்தில் இருந்து நடக்கும்போது நாற்பது அடிக்கு ஒரு முறை தன் கால்கள் தானாக நின்றன. மதலேன் நின்றதால் அவை நின்றன. மதலேனின் இடது முழங்கால் கிழடாகியிருந்தது. பதினொரு வருஷமாக அதே வீட்டில், கோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு முழங்கால் தேய்ந்துகொண்டிருந்திருக்கிறது, அதை அந்தோணியாரோ பிரிட்ஜோ அவளிடம் சொல்லவில்லை. அதன் பிறகு எர்னெஸ்தின் முப்பத்தெட்டாவது அடியிலேயே, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்கிற பாவனையில், தானே நின்றாள்.

அக்டோபர் கடைசியில் விசா வந்தது. ஒருத்திக்கு மட்டும். மதலேனுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. திண்டிவனத்துக்கு மேற்கே உலகம் இருப்பதை அவள் தபால் தலைகளில்தான் பார்த்திருந்தாள். பாஸ்போர்ட் எடுத்து, மறுபடி தாள் சேர்த்து, மறுபடி வரிசையில் நின்று முடிப்பதற்குள் பிள்ளை பிறந்து தவழ்ந்துவிடும். விமானம் நவம்பர் ஒன்பதாம் தேதி. சொலான்ஜுக்கு டாக்டர் குறித்தது டிசம்பர் முதல் வாரம், படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். தினமும் போனில் அவள் கேட்டது ஒன்றுதான்: "வந்துடுவ இல்லம்மா?"

எர்னெஸ்தின் ஒக்தாவின் கடைக்குப் போனாள், அதாவது இருவரும் போனார்கள். ஒக்தாவ் அந்த உறுதிமொழியையே சாதாரண முப்பத்திரண்டாம் இடைவெளி வைத்து மறுபடி தட்டினார். கையெழுத்துப் போட்டுப் பார்த்தார்கள், ஒரு முழமும் நாலு விரலும் அப்படியே இருந்தது. பெயர்களை இடம் மாற்றித் தட்டினார். இருவரும் இடம் வலம் மாறி நின்றார்கள், அவ்வளவுதான். திரும்ப மாற்றினார். அழிவிசையை அழுத்திப் பார்த்தபோது மதலேனுக்கு மயக்கம் வந்ததால் அதை உடனே விட்டுவிட்டார்.

"முசியே, ஒம்பதாம் தேதிக்கு நாலு நாள்தான் கீது" என்றாள் எர்னெஸ்தின். "எம்பொண்ணு மூணு தடவ வெறுங்கையோட ஆசுபத்திரியில இருந்து வந்தவ. தெரியுமா உமக்கு?"

ஒக்தாவ், குடும்பத்தில் சிறைக்குப் போன ஒருவரைப் பற்றிச் சொல்லும் குரலில், பட்டியலில் இன்னொருவர் உண்டு என்றார். நூற்று எழுபத்து மூன்று. அது ஒரு சின்னக் கோடு. ஒரு சொல்லுக்கு உள்ளே ஒளிந்துகொண்டு இருக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது. வரி முடிந்து இடம் போதாமல் போகிற அந்த நொடியில் மட்டும் வெளியே வந்து, சொல் அந்த இடத்தில் இரண்டாகப் பிரிய அனுமதி கொடுக்கும். முன்பாதி மேல் வரியில் கோட்டோடு நிற்கும், பின்பாதி கீழ் வரிக்குப் போகும். நூற்றறுபதை அது ஒன்றும் செய்யாது, ஒட்டியது ஒட்டியதுதான்.

"அப்ப எப்பிடி பிரியறது?"

"நீங்க ரெண்டு பேரும் பிரிய முடியாது மதாம். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பிரியலாம். தனக்குள்ளயே."

"எம்பேருல வச்சா?" என்றாள் எர்னெஸ்தின்.

"உங்க பின்பாதி மதலேனம்மாவோட இங்க இருக்கும். முன்பாதி போவும்."

"பாதி ஆளு போயி இன்னாத்துக்கு ஆவும்? பிள்ளைய ஒரு கையால வாங்கறதா?"

மதலேன் பிரிண்டரின் மூடி மேல் இருந்த தூசியை விரலால் துடைத்தாள். "பிரிண்டரு, முசியே கிட்ட சொல்லு. பிரசவத்துக்குப் போறவ முழுசாப் போவணும். கோட்ட எம்பேருல வைக்கச் சொல்லு. எனக்கு இங்க ஒரு கோழி, ஒரு பிரிட்ஜு, பாதி ஆளு தாராளம்."

எர்னெஸ்தின் திரும்பினாள். பதினொரு வருஷம் இரண்டு மாதத்துக்குப் பிறகு, நடுவில் சுரூபமோ விசிறியோ இல்லாமல், மதலேனின் முகத்தைப் பார்த்து, "வலிக்குமாடி?" என்று கேட்டாள்.

மதலேன் தூசியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "பாரு பிரிண்டரு, யாரோ யாரையோ கேக்கறாங்க" என்றாள்.

எவ்வளவு அனுப்புவது என்று ஒக்தாவ் கேட்டார், துணிக்கடையில் மீட்டர் கேட்பவர் போல. சரிபாதியாகவே வையுங்கள் என்று முடிவாயிற்று. அவர் தட்டினார், தாளில் ஒரு மாற்றமும் தெரியவில்லை, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒன்பதாம் தேதி சென்னை விமான நிலையத்தில், டிக்கெட் உள்ளவர்கள் மட்டும் போகலாம் என்று காவலர் கையை நீட்டிய கதவு வரை இருவரும் சேர்ந்தே வந்தார்கள். எர்னெஸ்தின் உள்ளே காலை வைத்தாள். காற்றில் ஒரு தீக்குச்சி நீளத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றது, அதுதான் மதலேனின் முன்பாதி. மதலேன் கதவுக்கு வெளியே இருந்தாள். அவள் உருவத்தில் ஒரு குறையும் தெரியவில்லை, அங்கிருந்த எடை பார்க்கும் மெஷினில் நின்று பார்த்தபோது ஐம்பத்தெட்டு கிலோ இருபத்தொன்பதாக இருந்தது, அவ்வளவுதான். காவலர் கோட்டைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், கைச்சாமான் ஏழு கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பிரான்சில் இறங்கியதும் சுங்க அதிகாரி ஒருவர் எர்னெஸ்தினை நிறுத்தி, அவளுக்கு இடப்பக்கம் ஒரு முழமும் நாலு விரலும் தள்ளி மிதந்துகொண்டிருந்த கோட்டைக் காட்டி, அது என்ன என்று கேட்டார்.

"என் நாத்தனார்" என்றாள் அவள் பிரெஞ்சில்.

"முழுவதுமா?"

"பாதி."

அவர் தன் பட்டியலில் தேடிப் பார்த்தார். நாத்தனார்களுக்குத் தடை எதுவும் இல்லாததால் போகச் சொன்னார்.

நாந்த் குளிரில் எர்னெஸ்தின் ஒவ்வொரு நாற்பது அடிக்கும் நின்றாள், ஏனென்றால் கோடு நின்றது. முழங்கால் வலி முன்பாதியோடு வந்திருந்தது. புதுச்சேரியில் மதலேன் சிட்டாக நடப்பதாகத் தெருவில் சொன்னார்கள். ஆனால் அவள் பேச்சு பாதியாகிவிட்டது. எந்த வாக்கியமானாலும் அதன் பின்பாதி மட்டும் தம்பூர் வீதியில் கேட்டது. "...எவ்வளவு?" என்பாள் மீன்காரியிடம், "...அநியாயம்" என்பாள், பேரத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. முன்பாதி அதே நொடியில் நாந்த்தில், எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், கோடு மிதக்கும் இடத்தில் இருந்து கேட்டது. இதில் எவரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. சாடை பேச முழு ஆள் வேண்டும். யாரைப் பார்த்துப் பேசுகிறோம் என்பது முன்பாதியிலும் யாரைக் குத்துகிறோம் என்பது பின்பாதியிலும் இருந்தால்தான் அது சாடை. முன்பாதி மட்டும் வந்தால் அது வெறுமனே கூப்பிடுவது. எனவே நாந்த்தில் அந்தக் கோடு, பிரிட்ஜையும் பிரிண்டரையும் விட்டுவிட்டு, "அண்ணி" என்றுதான் ஆரம்பித்தது.

டிசம்பர் நான்காம் தேதி சொலான்ஜுக்கு வலி கண்டது. பதினான்கு மணி நேரம். இடையில் ஒரு தடவை டாக்டர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது, நர்சுகள் வேகமாக நடந்தார்கள், சொலான்ஜ் தாயின் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு இது நாலாவது, இது நாலாவது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது கோட்டின் பக்கத்தில் இருந்து, "அண்ணி, அவளை இடது பக்கமா" என்று கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. எர்னெஸ்தின் மறு கையால் போனை எடுத்துப் புதுச்சேரிக்குக் கூப்பிட்டாள்.

"மதலேனு, இடது பக்கமா?"

"...ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. ...முதுக நீவிக்கினே இருங்க. ...அப்பிடித்தான் எங்கம்மா உங்க வூட்டுக்காரரப் பெத்தாங்களாம்."

அந்த வாக்கியத்தின் மீதியும் அடுத்த வாக்கியத்தின் தொடக்கமுமாக இரண்டு பக்கத்தில் இருந்தும் வந்துகொண்டிருந்ததை இணைத்து இணைத்து எர்னெஸ்தின் நீவினாள். விடியும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது, இரண்டு கிலோ எழுநூறு, அழுத அழுகையில் நர்சு சிரித்தாள். புதுச்சேரியில் அப்போது பகல் பன்னிரண்டு; தெருவில் இருந்தவர்கள் மதலேன் வாசலுக்கு வந்து, "...பொண்ணு!" என்று கத்தியதைக் கேட்டார்கள்.

குழந்தைக்கு எலோயீஸ் என்று பெயர் வைத்தார்கள். எர்னெஸ்தினின் விசா ஒரு வருஷத்துக்கு நீட்டப்பட்டது, பிறகு இன்னொரு வருஷத்துக்கு. அந்தப் பிள்ளை தொட்டிலில் கிடந்தபோதும் தவழ்ந்தபோதும் அந்த வீட்டில், "அண்ணி, குளிப்பாட்டறதுக்கு முன்னாடி" என்று ஓர் இடத்தில் தொடங்கும், நிற்கும், போன் எடுக்கப்படும், "...எண்ணெய சூடு பண்ணிட்டீங்களா?" என்று முடியும். ஒரு நாளைக்கு இருபது தடவை, சில நாள் முப்பது. அண்ணியும் நாத்தனாரும் ஒரு வருஷத்தில் பேசிய பேச்சு, அவர்கள் பேசாமல் இருந்த பதினொரு வருஷத்துக்கும் சேர்த்துப் போதுமானது என்று சொலான்ஜ் சொன்னாள்.

எலோயீஸ் பேசத் தொடங்கியது இரண்டாவது வயதில். எதைச் சொல்ல வந்தாலும் அவள் பாதியில் நிறுத்திவிட்டு, போனைத் தேடி எடுத்து, எதிரே இருப்பவரிடம் நீட்டினாள்.